ஒரு களம், ஒரு கட்டளை: கலிபோர்னியா மாநிலம் நெருக்கடி மேலாண்மைக்கு ஒரே முறை கண்ட வரலாறு

தீப்பற்றினால் தீயணைப்பு வண்டி வரும்; வெள்ளம் சூழ்ந்தால் மீட்புப் படகு வரும்; விபத்து நேர்ந்தால் ஆம்புலன்சும் போலீசாரும் வருவர். இன்றைய நகர வாழ்வில் இஃது எல்லாரிடமும் ஊறிப்போன நம்பிக்கை. ஆனால், வந்து சேர்ந்தவர்கள் யாருடைய ஆணைக்கு உட்படுவர், ஒரு படையினரின் சொல்லை மற்றொரு படையினர் எவ்வாறு புரிந்துகொள்வர், எவர் எங்கு நிற்கிறார் என்பதை யார் கணக்கில் வைப்பர் என்னும் வினாக்கள் பொதுமக்கள் உள்ளத்தில் எழுவதில்லை. ஓர் ஊரின் படை மட்டுமே சென்று அணைத்துவிடக்கூடிய சிறு தீயில் இவ்வினாக்களுக்கு வேலையும் இல்லை. பல ஊர்ப் படைகள் ஒரே மலைச்சரிவில் வந்து குவியும் பெருந்தீயிலோ இவையே உயிர் காக்கும் வினாக்களாகிவிடுகின்றன.

வலிமை மிக்க படைகள் பல ஒன்றுகூடியும், அவற்றை ஒருமுகப்படுத்தும் முறை இல்லாமையால் நேர்ந்த அழிவுகள் வரலாற்றில் பல உள. அத்தகைய அழிவுகளிலிருந்து பாடம் கற்று, தன் எல்லைக்குட்பட்ட அரசுத் துறைகள் அனைத்தையும் ஒரே முறைக்குள் கொண்டுவர முனைந்தது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். 1970ஆம் ஆண்டின் காட்டுத்தீயில் தொடங்கிய அம்முயற்சி 1996ஆம் ஆண்டிலேதான் மாநிலம் தழுவிய நிலையை எட்டியது. இதற்கு இருபத்தாறு ஆண்டுகள் ஏன் தேவைப்பட்டன? கருவிகளுக்கோ வீரர்களுக்கோ அங்குப் பஞ்சம் இருந்ததில்லை. தனித்தனியே பெருமையும் உரிமையும் உடைய அமைப்புகள் பொதுவானதோர் ஒழுங்கினைத் தமதாக ஏற்பது எத்துணை அரிய செயல் என்பதையே இவ்வரலாறு காட்டுகிறது.

பொருந்தாத குழாய்கள்

கலிபோர்னியாவின் வரலாற்றுக்கு முன்னுரைபோல் அமைந்த நிகழ்ச்சியொன்று அதே நாட்டின் கீழைக் கரையில் நடந்தது. 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் பால்டிமோர் நகரின் வணிகப் பகுதியில் தீ மூண்டது. உள்ளூர்ப் படையால் அதனை அடக்க இயலவில்லை. அண்டை நகரங்களுக்கு உதவி கோரிச் செய்தி பறந்தது. வாஷிங்டன் நகரத்துத் தீயணைப்பு எந்திரங்கள் புகைவண்டியில் ஏற்றப்பட்டு விரைந்து வந்தன. வேறு நகரங்களின் படைகளும் பின்தொடர்ந்தன. வந்தவர்கள் தம் குழாய்களைப் பால்டிமோரின் தெருவோரத் தீயணைப்பு நீர்க்குழாய்களில் பொருத்த முற்பட்டபோது, இணைப்பு மரைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒவ்வொரு நகரும் தனக்கென ஓர் அளவை வைத்திருந்ததே காரணம். ஆள்கள் இருந்தனர், எந்திரங்கள் இருந்தன, தண்ணீரும் இருந்தது. ஆயினும் தண்ணீரையும் எந்திரத்தையும் இணைக்கும் வழி இல்லாமற் போயிற்று. இரண்டாம் நாள் தீ அடங்கியபோது 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாகியிருந்தன.

அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1905இல், அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் இணைப்பு மரைக்குப் பொது அளவொன்றை வகுத்தது. அளவு வகுக்கப்பட்டதேயன்றி, எல்லா நகரங்களும் அதனை ஏற்கவில்லை. பழைய குழாய்களை மாற்றப் பணம் வேண்டும். அந்தப் பணத்தைச் செலவிடுமாறு தூண்டும் ஆபத்து கண்முன் நிற்பதில்லை. எனவே, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்னும் எண்ணம் வேரூன்றியது. வருமுன் காவாதவனின் வாழ்வை நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அவ்வுவமை எத்துணைப் பொருத்தமானது என்பதை 87 ஆண்டுகளுக்குப் பின்னர் கலிபோர்னியாவின் ஒரு நகரம் கண்கூடாகக் கண்டது. அதற்குமுன் நிகழ்ந்தவற்றை முதலில் காண்போம்.

பதின்மூன்று நாள் தீ

கலிபோர்னியாவில் கோடைக்காலம் மழையற்றது. மாதக் கணக்கில் வெயிலில் காய்ந்த புதர்க்காடுகளின்மீது, இலையுதிர்காலத்தில் உள்நாட்டுப் பாலை நிலங்களிலிருந்து வறண்ட காற்று கடலை நோக்கி வீசும். தென்பகுதியில் இக்காற்றைச் 'சாந்தா ஆனா' என வழங்குவர். அக்காற்று வீசும் நாளில் சிறு பொறியும் பெருந்தீயாகிவிடும்.

இவ்வியற்கையை அறிந்திருந்த அம்மாநில மக்கள் முன்னேற்பாடு ஏதுமின்றி இருந்தனர் எனக் கூறுவதற்கில்லை. 1950ஆம் ஆண்டிலேயே அங்குப் பொது உதவி உடன்படிக்கையொன்று உருவாயிற்று. ஓர் ஊர் இடருற்றால் பிற ஊர்கள் தம் படைகளை அனுப்பி உதவவேண்டும் என்பதே அதன் சாரம். ஆகவே, உதவி செய்யும் மனம் இருந்தது; உதவி வந்து சேரும் வழியும் இருந்தது. வந்து சேர்ந்தபின் எவ்வாறு இணைந்து பணியாற்றுவது என்பது மட்டும் வகுக்கப்படாமல் இருந்தது.

1970ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் அக்குறை வெளிப்பட்டது. வறண்ட காற்று வீசத் தொடங்கிய அந்நாள்களில் மாநிலத்தின் பல இடங்களில் ஒரே வேளையில் காட்டுத்தீ மூண்டது. பதின்மூன்று நாள்களில் 16 பேர் உயிரிழந்தனர். 700க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. ஐந்து இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் கருகியது. கூட்டரசின் வனத்துறை, மாநில வனத்துறை, மாவட்டத் தீயணைப்புத் துறைகள், நகரத் தீயணைப்புத் துறைகள் எனப் பல அமைப்புகள் களத்தில் இறங்கின. ஒவ்வொன்றும் தன் பணியில் தேர்ச்சி பெற்றதே. எனினும், ஒன்றின் செயலை மற்றொன்று அறியவில்லை.

தீ அடங்கிய பின்னர் நடத்தப்பட்ட ஆய்வுகள் குறைகளை வெளிப்படையாகவே எடுத்துரைத்தன. ஒரே மேலாளரிடம் அளவுக்கு மீறிய எண்ணிக்கையினர் ஆணை கேட்டு நின்றனர். ஒவ்வோர் அமைப்பும் வெவ்வேறு வகையான பதவி அடுக்கினைக் கொண்டிருந்தது. களத்தின் நிலவரம் பற்றிய நம்பகமான செய்தி கிடைக்கவில்லை. வானொலித் தொடர்புக் கருவிகள் ஒன்றோடொன்று இசையவில்லை. கூடித் திட்டமிட வழியில்லை. யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பது தெளிவாக இல்லை. எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்னும் குறிக்கோளும் வரையறுக்கப்படவில்லை. இவையனைத்தினும் வியப்பூட்டுவது ஒன்றுண்டு: அவர்கள் எல்லாரும் ஆங்கிலம் பேசினர், ஆயினும் ஒருவர் சொல் மற்றவருக்கு விளங்கவில்லை.

தமிழாசிரியர்கள் இக்குறையின் தன்மையை எளிதில் உணர்வர். ஒரே பொருளுக்குப் பல கலைச்சொற்களும், ஒரே சொல்லுக்குப் பல பொருள்களும் வழங்கும்போது வகுப்பறையில் விளையும் குழப்பம் அவர்கள் அறிந்ததே. அமெரிக்கத் தீயணைப்புப் படைகளிடையே 'டேங்கர்' என்னும் சொல் ஒரு சாராருக்குத் தண்ணீர் சுமக்கும் லாரியைக் குறித்தது. மற்றொரு சாராருக்கு வானிலிருந்து தீயின்மீது நீரையோ மருந்துக் கலவையையோ கொட்டும் விமானத்தைக் குறித்தது. லாரி வேண்டுமென்று கேட்ட இடத்திற்கு விமானம் அனுப்பப்படுமாயின் விளைவு என்னாகும்? வகுப்பறையில் சொற்குழப்பத்தால் மதிப்பெண் குறையும். தீக்களத்திலோ உயிர் போகும்.

ஐந்து பணிகளும் ஒரு கட்டளையும்

1971ஆம் ஆண்டு அமெரிக்கப் பேராயம் இக்குறைகளுக்குத் தீர்வு காணுமாறு கூட்டரசு வனத்துறைக்கு நிதி ஒதுக்கியது. தென் கலிபோர்னியாவின் ரிவர்சைட் நகரிலுள்ள வனத்தீ ஆய்வுக்கூடம் அப்பணியில் ஈடுபட்டது. வனத்துறையுடன் மாநில வனத்துறை, ஆளுநரின் நெருக்கடிப் பணி அலுவலகம், லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டம், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம், வெஞ்சுரா மாவட்டம், சாந்தா பார்பரா மாவட்டம் ஆகியவற்றின் தீயணைப்புத் துறைகளும் இணைந்தன. இவ்வேழு அமைப்புகளின் கூட்டு முயற்சி 'பயர்ஸ்கோப்' எனப் பெயர் பெற்றது. அதன் தலைசிறந்த படைப்பே 'இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம்' என்னும் களக் கட்டளை முறையாகும்.

இம்முறையின் அடிப்படை மிக எளியது. இடர் எதுவாயினும், சிறிதாயினும் பெரிதாயினும், அதனைச் சமாளிப்பதற்குச் செய்யவேண்டிய பணிகள் ஐந்து. முதலாவது கட்டளை, குறிக்கோளை வகுத்து முழுப் பொறுப்பையும் ஏற்பது. இரண்டாவது செயற்களப் பணி. நெருப்பை அணைத்தல், மக்களை மீட்டல் போன்றவற்றை நேரில் செய்வது. மூன்றாவது திட்டமிடல், செய்திகளைத் திரட்டி, அடுத்த கட்டத்தை முன்கூட்டியே எண்ணுவது. நான்காவது வழங்கற் பணி. உணவு, எரிபொருள், கருவி, ஊர்தி ஆகியவற்றைத் தேடித் தருவது. ஐந்தாவது நிதியும் நிர்வாகமும். செலவுக்கும் வேலை நேரத்திற்கும் கணக்கு வைப்பது.

சிறு விபத்தில் இவ்வைந்து பணிகளையும் ஒருவரே ஏற்கலாம். முதலில் களத்தை அடைபவர் எவரோ அவரே களத் தலைவர். இடர் பெருகப் பெருக, ஒவ்வொரு பணியும் தனித்தனிப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்படும். மேலும் தகுதியுடையவர் வந்து சேர்ந்தால், நிலவரத்தை முறையாக எடுத்துரைத்துத் தலைமையை அவரிடம் கையளிக்க வேண்டும். இடர் தணியும்போது அமைப்பும் அதற்கேற்பச் சுருங்கும். ஓர் ஆலமரம் விழுதுவிட்டுப் பரவுவதுபோல் இவ்வமைப்பு தேவைக்கேற்ப விரியும். ஆனால் அடிமரம் ஒன்றே.

ஒருவரின் மேற்பார்வையில் மூவருக்குக் குறையாமலும் எழுவருக்கு மிகாமலும் பணியாளர் இருத்தல் வேண்டும் என்பது மற்றொரு விதி. ஐவர் இருத்தலே சிறப்பு எனக் கொள்ளப்பட்டது. ஒருவர் ஒரே மேலாளரிடம் மட்டுமே ஆணை பெறவேண்டும் என்பதும் வரையறுக்கப்பட்டது. துறைக்குத் துறை மாறுபடும் மறைகுறி எண்களுக்கு மாற்றாக, வானொலியில் எல்லாருக்கும் விளங்கும் வெளிப்படையான சொற்களே பயன்படவேண்டும். பதவிப் பெயர்களும் கருவிப் பெயர்களும் எல்லா அமைப்புகளுக்கும் பொதுவாக ஆக்கப்பட்டன. மேற்கூறிய 'டேங்கர்' என்னும் சொல் விமானத்திற்கே உரியதாயிற்று. தண்ணீர் லாரிக்கு வேறு பெயர் வழங்கப்பட்டது.

அதிகாரச் சிக்கலுக்கும் இம்முறை நயமானதொரு தீர்வைக் கண்டது. தீ, இரண்டு மூன்று அமைப்புகளின் எல்லைகளைத் தொடும்போது, அவற்றுள் ஒன்று மற்றவற்றை அடக்கியாள வேண்டியதில்லை. அவ்வமைப்புகளின் பொறுப்பாளர்கள் ஒரே இடத்தில் கூடியமர்ந்து, ஒரே குறிக்கோளையும் ஒரே திட்டத்தையும் வகுப்பர். இதற்குக் கூட்டுக் கட்டளை என்று பெயர். சட்டம் தந்த உரிமையை எவரும் இழப்பதில்லை. ஆனால் களத்தில் நிற்கும் வீரனின் காதில் விழுவது ஒரே ஆணை.

இம்முறையை வகுத்ததில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஒருவர் தம் அலுவலகத்தில் எத்துணை உயர்ந்த பதவி வகித்தாலும், களத்தில் அவர் பயிற்சி பெற்ற பணியையே ஏற்பார். ஆளின் தகுதியறிந்து வினையை ஒப்படைத்தல் தமிழ் அறநூல்கள் பண்டே வற்புறுத்திய நெறியாகும். அந்நெறி இங்குப் புதிய வடிவில் செயற்படக் காண்கிறோம்.

ஏற்றவரும் ஏலாதவரும்

எழுபதுகளின் பிற்பகுதியில் இம்முறை களத்தில் சோதிக்கப்பட்டது. எண்பதுகளின் தொடக்கத்திற்குள் தென் கலிபோர்னியாவின் பெரிய தீயணைப்பு அமைப்புகள் இதனை மேற்கொண்டன. கூட்டரசின் வனத்துறையும் பிற அமைப்புகளும் இதனை நாட்டின் பிற பகுதிகளுக்குக் கொண்டு சென்றன. நல்லதொரு முறை பிறந்துவிட்டது. இனி அது தானே பரவும் என்று பலரும் எண்ணியிருத்தல் கூடும்.

அவ்வாறு நிகழவில்லை. காட்டுத்தீயை அடிக்கடி எதிர்கொண்டவர்கள் இதன் அருமையை உணர்ந்தனர். நகரங்களின் நிலை வேறு. காட்டுத்தீக்கென உருவான முறை கட்டடத்தீக்குப் பொருந்துமா என்னும் ஐயம் நிலவியது. போலீஸ் துறை, பொதுப்பணித் துறை, மருத்துவமனைகள், நகராட்சி அலுவலகங்கள் ஆகியவற்றுக்கு இது தீயணைப்பாளரின் தனி வழக்கமாகவே தோன்றியது. இதனை ஏற்பது அவரவர் விருப்பத்தைப் பொறுத்ததாக இருந்தது. விருப்பம் மட்டுமே அடிப்படையாகும்போது, தேவையை உணர்ந்தவர் முன்வருவர். உணராதவர் ஒதுங்கி நிற்பர். இடரோ இவ்விருவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஓக்லந்து மலைத்தீ

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கீழ்க்கரையில் ஓக்லந்து நகரம் அமைந்துள்ளது. அதன் பின்புறம் மரங்கள் அடர்ந்த மலைச்சரிவு, சரிவெங்கும் குறுகி வளைந்த சாலைகள், சாலையோரமெங்கும் வீடுகள். 1991ஆம் ஆண்டு அப்பகுதி ஐந்தாண்டு வறட்சியால் காய்ந்திருந்தது. அக்டோபர் 19ஆம் நாள் அச்சரிவில் சிறு புல்தீயொன்று மூண்டது. தீயணைப்பு வீரர்கள் அதனைக் கட்டுப்படுத்தினர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கனல் அடியில் எஞ்சியிருந்தது. முற்பகலில் வறண்ட காற்று வலுத்தபோது அக்கனல் மீண்டும் சீறியெழுந்தது.

முதல் ஒரு மணி நேரத்திலேயே ஏறத்தாழ 790 கட்டடங்கள் பற்றியெரிந்தன. எட்டுத் தடங்கள் கொண்ட நெடுஞ்சாலையைத் தீ தாண்டிச் சென்றது. குறுகிய சாலைகளில், இறங்கித் தப்ப முயன்ற மக்களின் வண்டிகளும் ஏறிச் செல்ல முயன்ற தீயணைப்பு வண்டிகளும் எதிரெதிரே சிக்கிக்கொண்டன. மின்சாரம் அறுந்ததால் நீரேற்று எந்திரங்கள் நின்றன. மலைமேலிருந்த நீர்த்தொட்டிகள் வற்றின.

1950ஆம் ஆண்டு உடன்படிக்கை அன்றும் தன் கடமையைச் செய்தது. மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான வண்டிகள் ஓக்லந்தை நோக்கி விரைந்தன. வந்தவர்களை எதிர்கொண்டது பால்டிமோரின் பழைய காட்சியே. ஓக்லந்தின் தெருவோர நீர்க்குழாய்களின் வாய் 3 அங்குல அளவினது. வெளியூர்ப் படைகளின் குழாய் இணைப்போ பொது அளவான இரண்டரை அங்குலத்தது. இடையே பொருத்தும் இணைப்பான் இல்லாதவர்கள் நீரின் அருகே நின்றும் நீரைப் பெற முடியவில்லை. வானொலி அலைவரிசைகளில் நெரிசல் மிகுந்தது. எந்தப் படை எங்குப் பணியாற்றுகிறது என்பதைக் கண்காணிப்பதும், தீயணைப்பாளர், போலீசார், பிற துறையினர் ஆகியோரை ஒருங்கிணைப்பதும் பெரும்பாடாயின.

அத்தீயில் 25 பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு தீயணைப்பு அதிகாரியும் ஒரு போலீஸ்காரரும் அடங்குவர். 3,000க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் அழிந்தன. அக்காற்றில் எந்த முறையும் எல்லா உயிரையும் காத்திருக்கும் எனக் கூற இயலாது. ஆயினும், காற்றால் விளைந்த அழிவு எவ்வளவு, ஒழுங்கின்மையால் விளைந்த அழிவு எவ்வளவு என்னும் வினா அம்மாநில மக்களின் மனச்சான்றை உறுத்தியது.

சட்டம் வகுத்த வழி

அவ்வினாவுக்கு விடையாகவே சட்டம் பிறந்தது. மாநில மேலவை உறுப்பினர் நிக்கலஸ் பெட்ரிஸ் கொண்டுவந்த 1841ஆம் எண் மசோதா 1992இல் நிறைவேறி, 1993 சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. 'செம்ஸ்' எனச் சுருக்கமாக வழங்கப்படும் தரப்படுத்தப்பட்ட நெருக்கடி மேலாண்மை முறையை அச்சட்டம் உருவாக்கியது. நெருப்பு மட்டுமன்றி நிலநடுக்கம், வெள்ளம், நச்சுப்பொருள் கசிவு என எவ்வகை இடருக்கும் அம்முறையே வழிகாட்டியாக அமைந்தது.

புதியதோர் அமைப்பை வெறுமையிலிருந்து படைக்க இச்சட்டம் முயலவில்லை. மக்கள் ஏற்கெனவே கையாண்டு பயன் கண்டவற்றை அது ஒன்றாகத் தொடுத்தது. களத்தில் பயர்ஸ்கோப் தந்த கட்டளை முறை. பல துறைகள் கலந்து முடிவெடுக்கும் கூட்டிணைப்பு முறை. 1950ஆம் ஆண்டின் பொது உதவி உடன்படிக்கை. மாவட்டந்தோறும் அமையும் செயற்பகுதி. செய்தித் தொடர்புக்கு ஒரு வலையமைப்பு. இவையே அதன் உறுப்புகள்.

களம், ஊராட்சி, செயற்பகுதி, மண்டலம், மாநிலம் என ஐந்து படிநிலைகளை அச்சட்டம் வகுத்தது. களத்தில் தேவைப்படும் உதவியை ஊராட்சி தேடித் தரவேண்டும். ஊராட்சியால் இயலாதெனின் மாவட்டம் முழுவதையும் தழுவிய செயற்பகுதி முன்வர வேண்டும். அதுவும் போதாதெனின் மண்டலமும், இறுதியில் மாநிலமும் கைகொடுக்க வேண்டும். கலிபோர்னியாவில் மாவட்டங்கள் 58. அவற்றினுள் அடங்கிய நகரங்களோ நூற்றுக்கணக்கானவை. அத்தனை நகரங்களும் ஒரே வேளையில் மாநில அலுவலகத்தை அழைத்தால் எவர் குரலும் கேட்காது. படிநிலை இருப்பதால் ஒவ்வொரு குரலும் உரிய செவியைச் சென்றடைகிறது.

இச்சட்டத்தின் மிக நுட்பமான பகுதி, அது கீழ்ப்படிதலைப் பெற்ற விதமாகும். மாநிலத் துறைகள் இம்முறையைப் பின்பற்றியே ஆகவேண்டும் என அது விதித்தது. ஊராட்சிகளை நோக்கி அவ்வாறு ஆணையிடவில்லை. தத்தம் எல்லைக்குள் தாமே தலைவர் என்னும் பெருமிதம் ஊராட்சிகளுக்கு உண்டு. ஆணையிட்டால் எதிர்ப்பே விளையும். எனவே சட்டம் வேறு வழியை நாடியது. இடர் காலத்தில் பணியாற்றுவோருக்கு ஊராட்சி செலவிடும் ஊதியத்தை மாநில அரசு ஈடுசெய்யும். அவ்வீட்டைப் பெறவேண்டுமெனில், அந்த ஊராட்சி பொதுமுறையைக் கையாண்டிருக்க வேண்டும். 1996 டிசம்பர் முதல் நாள் அதற்குரிய தவணையாகக் குறிக்கப்பட்டது. பெரும் இடர் ஒன்று நேர்ந்தால் மாநில உதவியின்றித் தாங்கக்கூடிய ஊராட்சிகள் மிகச் சில. ஆதலால், தண்டனை என்னும் சொல்லுக்கே இடமின்றிச் சட்டம் தன் நோக்கத்தை நிறைவேற்றிக்கொள்ள வழி பிறந்தது.

விதிகள் முழுமை பெறாதிருந்த வேளையிலேயே, 1994 சனவரி 17ஆம் நாள் விடியற்காலை, லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தை நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் உலுக்கியது. பாலங்கள் சரிந்தன, மருத்துவமனைகள் சேதமுற்றன, பல துறைகள் ஒரே வேளையில் இயங்கவேண்டிய நிலை ஏற்பட்டது. நெருப்புக்கென வகுத்த ஒழுங்கு எல்லா இடருக்கும் தேவை என்பதை அந்நிகழ்ச்சி மெய்ப்பித்தது. அவ்வாண்டே விதிகள் வெளிவந்தன. பின்வந்த ஈராண்டுகளில் ஊர்தோறும் பயிற்சி வகுப்புகள் நடைபெற்றன. நகராட்சி எழுத்தரும் பொதுப்பணிப் பொறியாளரும் தீயணைப்பு வீரர் கற்ற அதே பாடத்தைக் கற்றனர்.

எல்லை கடந்த பாடம்

கலிபோர்னியா கண்ட வழியின் தேவையை நாடு முழுவதும் உணர மற்றொரு பேரழிவு நேரவேண்டியிருந்தது. 2001 செப்டம்பர் 11ஆம் நாள் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டபோது, தீயணைப்புத் துறையும் போலீஸ் துறையும் தனித்தனியே கட்டளை நிலையங்கள் அமைத்தன. கோபுரத்தின் நிலை மோசமாகிறது எனப் போலீஸ் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் விடுத்த எச்சரிக்கை கோபுரத்தினுள் இருந்த தீயணைப்பு வீரர்களைச் சென்றடையவில்லை. அன்று மாண்ட தீயணைப்பாளர்கள் 343 பேர். அதே நாளில் பெண்டகன் கட்டடத்தில், ஆர்லிங்டன் மாவட்டத்தினர் களக் கட்டளை முறையைப் பின்பற்றி, பல துறைகளையும் ஒருங்கே நடத்தினர். இரு களங்களின் அளவும் தன்மையும் வேறு என்பது உண்மையே. எனினும், முறையோடு இயங்குவதன் பயனை அந்த ஒப்பீடு உணர்த்தியது.

2003ஆம் ஆண்டு அதிபரின் ஆணையொன்று நாடளாவிய பொதுமுறை வகுக்குமாறு பணித்தது. 2004 மார்ச் முதல் நாள் தேசிய நிகழ்வு மேலாண்மை முறை வெளியிடப்பட்டது. களக் கட்டளை முறையே அதன் அடித்தளம். கூட்டரசின் ஆயத்த நிதியைப் பெறுவதற்கு அதனை ஏற்பது நிபந்தனையாயிற்று. கலிபோர்னியா தன் ஊராட்சிகளிடம் கையாண்ட அதே வழியை நாடு தன் மாநிலங்களிடம் கையாண்டது.

இந்தியாவும் இம்முறையைத் தன் நிர்வாக அமைப்புக்கு ஏற்றவாறு மாற்றி, 2010ஆம் ஆண்டு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வழி நெறிமுறைகளாக வெளியிட்டது. மலேசியா தனக்குரிய வழியில் நடந்தது. 1993 டிசம்பர் 11ஆம் நாள் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்ககம் சரிந்து 48 பேர் மாண்ட துயரத்திற்குப் பின்னர், 1997 மே 11ஆம் நாள் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் எண் ஆணை பிறந்தது. மாவட்டம், மாநிலம், கூட்டரசு என மூன்று நிலைகளில் பொறுப்பினை அது வகுத்தது. நாடுகள் வேறாயினும், துயரத்திற்குப் பின்னரே ஒழுங்கு பிறக்கிறது என்னும் உண்மை மாறவில்லை.

முறையின் எல்லை

பொதுமுறை ஒன்று அமைந்துவிட்டால் இடர் அனைத்தும் நீங்கிவிடும் எனக் கருதுவது பேதைமை. 2018 நவம்பர் 8ஆம் நாள் கலிபோர்னியாவின் பாரடைஸ் என்னும் சிற்றூரைத் தீ விழுங்கியபோது 85 பேர் உயிரிழந்தனர். செம்ஸ் முறை அப்போது நடப்பில்தான் இருந்தது. பாரடைஸ் அமைந்த பியூட் மாவட்டத்தையும் சோனோமா, வெஞ்சுரா மாவட்டங்களையும் ஆராய்ந்த மாநிலத் தணிக்கையாளர், முதியோர், உடற்குறையுடையோர், ஆங்கிலம் நன்கறியாதோர் ஆகியோரைக் காப்பதற்குரிய ஏற்பாடுகள் போதுமானவையல்ல என 2019 டிசம்பரில் அறிவித்தார். 2025 சனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்து ஆல்டடீனாவைத் தீ சூழ்ந்தபோது, அதன் மேற்குப் பகுதி மக்களுக்கு வெளியேறுமாறு விடுத்த ஆணை மிகத் தாமதமாகவே சென்றது.

இவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. களத்தில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளக் கலிபோர்னியாவின் முறை வழி செய்தது. வீட்டில் உறங்கும் முதியவருக்கும், அந்நாட்டு மொழியறியாத குடியேறிக்கும் செய்தி போய்ச் சேரும் வழியை அது முழுமையாகக் காணவில்லை. படைகளுக்கிடையே பொதுமொழி வேண்டும் என்பதை 1970ஆம் ஆண்டுத் தீ கற்பித்தது. மக்களுக்கு அவரவர் மொழியில், உரிய நேரத்தில் எச்சரிக்கை வேண்டும் என்பதைப் பின்வந்த தீகள் கற்பிக்கின்றன. முதற் பாடத்தைக் கற்க அம்மாநிலத்திற்குக் கால் நூற்றாண்டு ஆயிற்று. இரண்டாம் பாடத்திற்கு அத்துணைக் காலம் ஆகுமாயின், அதன் விலையும் உயிர்களாகவே இருக்கும்.

மாணவர்களுக்கு இவ்வரலாறு கூறுவது ஒன்றுண்டு. பள்ளியில் தீப்பயிற்சி நாளன்று மணி ஒலித்ததும் வரிசையாகத் திடலுக்குச் சென்று, ஆசிரியர் பெயர் கூப்பிடும்வரை நிற்பது சிலருக்கு விளையாட்டாகத் தோன்றலாம். யார் முன்னே செல்வது, எங்குக் கூடுவது, எவர் எண்ணிக்கை எடுப்பது என்பவற்றை அமைதியான நாளிலேயே முடிவு செய்து பழகுவதுதான் அப்பயிற்சி. கலிபோர்னியா மாநிலம் பல உயிர்களைப் பறிகொடுத்து, சட்டமியற்றி, ஊர்தோறும் கற்பித்ததும் அதுவே. தீ மூண்டபின் கூடி ஆராய நேரமிராது. முன்னரே இணங்கிப் பழகியவையே அந்நேரத்தில் கைகொடுக்கும்.